முதலில் புகுந்த பறவை

டாக்டர் யாமினியின் குரலில் எப்போதும் ஒரு இனிப்பு இருக்கும், செத்த பறவையைப் பற்றிப் பேசும்போதும் அது குறையாது. அம்சவேணிக்கு அந்த இனிப்பு ஆகாது. பால் பொங்கப் போகிற நேரம் பார்த்து போன் அடித்தது. ஒரு கையால் பாத்திரத்தை இறக்கி மறு கையால் போனைக் காதுக்குக் கொடுத்தால், ஜமீனுடைய சோதனை முடிவு வந்துவிட்டது, வைரஸ் இருக்கிறது, அதனிடமிருந்துதான் மற்றவற்றுக்குப் போயிருக்கிறது என்று அந்தப் பெண் கல்யாணச் சேதி சொல்வது போலச் சொல்கிறாள். ஜமீனுக்கா? நேற்றுக்கூடப் பாதாம் பருப்பை உடைத்துத் தின்றுவிட்டு, கொடுத்த விரலையும் கடித்து ரத்தம் பார்த்த ஜமீனுக்கா? இரண்டு வருஷத்துக்கு முன்னால் மொட்டை மாடிக் கூண்டில் இருந்த அத்தனை கிளிகளும் பொத்துப் பொத்தென்று விழுந்தபோது, நடுவில் உட்கார்ந்து இறகு கோதிக்கொண்டிருந்த ஒற்றைக் கோனூர் கிளி அது. போன வாரம், ஆசைப்பட்டு வாங்கி வந்த புது அமேசான் கிளி ஜோடி சாயங்காலம் நன்றாகத் தின்றுவிட்டு விடிகாலையில் விறைத்துக் கிடந்தபோதும், பக்கத்துக் கூண்டிலிருந்து தீனி கேட்டுக் கத்தியது அதுதான். அதேதாங்க மேடம், என்றாள் யாமினி. ஒரு தடவை நோய் பட்டுப் பிழைத்த பறவையின் உடம்பில் அந்தக் கிருமி சாகும்வரை குடியிருக்குமாம். வெளியில் ஒன்றும் தெரியாதாம். தின்னும், கத்தும், ஜோடி சேரும். இடம் மாற்றினால், பயணம் கூட்டிப் போனால், பயந்தால், எச்சத்தோடு கிருமியையும் சேர்த்துக் கொட்டும். அந்த எச்சம் காய்ந்து தூசியாகி மற்றதுகளின் மூக்கில் ஏறும். மருந்து கிடையாது. தனியாகவே வைத்துக்கொள்ள வேண்டும், இல்லையென்றால், என்று இழுத்த டாக்டர் அதை முடிக்கவில்லை. முடிக்காமல் விட்டது அம்சவேணிக்கு இன்னும் ஆத்திரமாக இருந்தது. அப்புறம் ஒரு கேள்வி. முதல் தடவை சாவு விழுவதற்கு முன்னால் வெளியிலிருந்து ஏதாவது பறவை உங்கள் கூண்டுக்குள் வந்ததா? இல்லை, என்றாள் அம்சவேணி, கேள்வி முடிவதற்குள். எல்லாம் என் கூண்டில் பொரித்தவை, என் கையால் ஊட்டி வளர்த்தவை, வெளியிலிருந்து ஒரு றெக்கைகூட வரவில்லை. நன்றாக யோசித்துச் சொல்லுங்கள் என்றாள் யாமினி. யோசிப்பதற்கு என்ன இருக்கிறது, என் கூண்டு எனக்குத் தெரியாதா, என்று மனசுக்குள் சொல்லிவிட்டு அவள் போனை வைத்தாள். பாலில் ஆடை கட்டியிருந்தது.

இன்றைக்கென்றா வரவேண்டும் இந்தச் சேதி. சென்னியப்பன் வருகிற நாள் இது. நல்ல நேரம் முடிவதற்குள் வந்து ஜமீனை வாங்கிக்கொண்டு போவதாகச் சொல்லியிருக்கிறார். சொன்னது அவளிடம் இல்லை, அவள் புருஷன் ரங்கராஜிடம். ரங்கராஜுக்கு யார் எது கேட்டாலும் சரிங்க, ஆகட்டுங்க. பம்பு செட்டு கம்பெனியில் வேலைக்குப் போய் மேஸ்திரி சொன்னதற்கெல்லாம் தலையாட்டித் தலையாட்டி, அந்தத் தலை இப்போது தானாகவே ஆடுகிறது. எதுக்கு வம்பு, பெரிய மனுஷன் வாய்விட்டுக் கேட்கிறார், குடுத்துரு, என்று சொல்லிவிட்டு டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு காலையிலேயே போய்விட்டான். அவள் ப்ளீச்சிங் பவுடர் கரைத்த வாளியையும் பிரஷையும் எடுத்துக்கொண்டு மாடிக்கு ஏறினாள். அமேசான் ஜோடி செத்த கூண்டைக் கழுவ வேண்டும். எதற்குக் கழுவ வேண்டும், இனி அதில் எது வாழப் போகிறது என்று கேட்டால், கழுவ வேண்டும் அவ்வளவுதான். படியேறும் சத்தம் கேட்டதுமே ஜமீன் கத்த ஆரம்பித்துவிட்டது. காது கிழிகிற கத்தல். பழுத்த மாம்பழ நிறத்தில் உட்கார்ந்துகொண்டு, கண்ணை உருட்டி, தலையைச் சாய்த்து, இத்தனை நேரம் எங்கே போய்த் தொலைந்தாய் என்று கேட்கிற மாதிரி. பேருக்கேற்ற திமிர். எல்லாரையும் தின்று தீர்த்துவிட்டு உட்கார்ந்திருக்கிறாயே, உனக்கு வெட்கமில்லையா என்று அவள் கேட்டாள். அது குச்சியில் நகர்ந்து நகர்ந்து கம்பிக்குப் பக்கத்தில் வந்து, தலையைக் குனிந்து, கழுத்தைச் சொறிந்துவிடச் சொல்லிக் காட்டியது. சொறிந்துவிடவில்லை. போ அக்கட்ட.

சங்கத்து ஆட்களுக்கு ஒரு பழக்கம் இருக்கிறது. சங்கம் என்றால் கூண்டுக்கிளி வளர்க்கிறவர்கள் சங்கம், தலைவர் சென்னியப்பன், அவர் வைத்ததுதான் சட்டம். புது வீட்டுக்குள் முதலில் பசுவை நடத்திக் கூட்டிப் போவதில்லையா, அதே போலப் புதுக் கூண்டுக்குள் முதலில் ஒரு கெட்டிப் பறவையை விடுவார்கள். கெட்டி என்றால், சாவு விழுந்த கூண்டில் சாகாமல் நின்ற பறவை. சொந்தக் கூண்டுப் பறவை ஆகாது, அடுத்தவர் வீட்டிலிருந்துதான் வரவேண்டும். கதவுக்கு மஞ்சள் குங்குமம் வைத்து அதை உள்ளே விட்டு, இரண்டு மூன்று நாள் அங்கேயே தின்னவிட்டு, கொம்புகளைக் கடிக்கவிட்டு, எச்சமிடவிட்டு, அப்புறம்தான் மற்றவற்றை உள்ளே விடுவது. அந்தப் பறவையின் கெட்டித்தனம் கூண்டில் இறங்குமாம். இறங்கும், நன்றாகவே இறங்கும். சென்னியப்பன் தோட்டத்தில் புதிதாகக் கட்டியிருக்கிற கூண்டை அவள் பார்த்ததில்லை, கேள்விப்பட்டதுதான். உள்ளே மனுஷன் நிமிர்ந்து நடக்கலாமாம், நடுவில் தண்ணீர் கொட்டுமாம், நீல மக்காவ், சிவப்பு மக்காவ், வெள்ளைக் காக்கடூ என்று விலை உயர்ந்த கிளிகளெல்லாம் ஜோடி ஜோடியாகப் பழைய கூண்டுகளில் காத்திருக்கின்றனவாம், இடம் மாற. மகன் கல்யாணத்துக்குக்கூட மனுஷன் இவ்வளவு அலையவில்லை என்று ரங்கராஜ் சொன்னான். அவ்வளவு பெரிய கூண்டுக்கு முதலில் புகுவதற்கு ஊரில் பெயர் வாங்கிய கெட்டிதான் வேண்டும். அவ்வளவு சாவிலும் நின்ற ஜமீன்தான் வேண்டும். யாருடைய வீட்டுச் சாவு? யார் அந்தச் சாவைப் பற்றி மைக்கில் பேசியது? அவள் பிரஷை வாளிக்குள் விட்டெறிந்தாள். முழங்கைவரை ப்ளீச்சிங் தண்ணீர் தெறித்து, ஜமீன் நேற்றுக் கடித்த இடத்தில் எரிந்தது. எரியட்டும்.

பேசினார். கல்யாண மண்டபத்துச் சாப்பாட்டுக் கூடத்தில் போட்ட கூட்டம் அது. அவள் கிளிகள் செத்து அப்போதுதான் ஒரு மாசம் ஆகியிருந்தது. எதனால் செத்தது, என்ன செய்யலாம் என்று கேட்கத்தான் அவள் போனாள், சிவப்புப் பிளாஸ்டிக் நாற்காலியில் கடைசி வரிசையில் உட்கார்ந்தாள், அந்தக் கூட்டத்தில் அவள் ஒருத்திதான் பெண். சென்னியப்பன் திட்டவில்லை. அந்த ஆள் யாரையும் திட்டமாட்டார், அதுதான் அவரிடம் உள்ள விஷம். வேட்டியை ஒதுக்கிக்கொண்டு எழுந்து, ரொம்ப வருத்தமாக, யாரையும் குறிப்பிட்டுச் சொல்லவில்லை என்று சொல்லிவிட்டு, பொம்பளைகள் புழங்குகிற கூண்டு என்றால் நாள் கணக்குப் பார்க்க வேண்டும், தூரமான நாளில் கை வைத்தால் வாயில்லாத ஜீவன் தாங்குமா என்றார். அவ்வளவுதான். யாரும் சிரிக்கவில்லை, சிரித்திருந்தால்கூடத் தேவலை. எல்லாரும் தலையை ஆட்டினார்கள், சிலர் திரும்பி அவளைப் பார்த்தார்கள், பார்த்துவிட்டு மரியாதையாகக் கண்ணைத் தாழ்த்திக்கொண்டார்கள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த ரங்கராஜ் கையிலிருந்த வடையையே பார்த்துக்கொண்டிருந்தான். அவளுக்கு அதற்கு முன்னாலேயே மாதவிடாய் நின்றுவிட்டிருந்தது. அதை எந்த மைக்கில் போய்ச் சொல்வது? எழுந்து நின்று, ஐயா எனக்கு நின்றுவிட்டது, கணக்குப் பார்க்க ஒன்றும் மிச்சமில்லை என்று சொல்லியிருக்க வேண்டும். இத்தனை நாளும், பாத்திரம் தேய்க்கும்போதும் பயறு முளைகட்டும்போதும் பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போதும் அவள் அந்தக் கூட்டத்தில் எழுந்து நின்று அதைச் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறாள். ஒவ்வொரு தடவையும் குரல் இன்னும் கொஞ்சம் உயர்கிறது, ஒவ்வொரு தடவையும் அந்த ஆள் பதிலுக்கு அதே வருத்தமான முகத்தைக் காட்டுகிறார். அதற்குப் பிறகு அவள் வீட்டுக் குஞ்சு என்றால் யாரும் வாங்கவில்லை. வழியில் பார்த்தால் சௌக்கியமா என்று கேட்டுவிட்டு நகர்ந்தார்கள். குமரேசன் ஒருவன்தான் வீடு தேடி வந்தான், ஒண்டிப்புதூர்க் குமரேசன், சின்ன வயசுக்காரன், அக்கா அக்கா என்று வாய் நிறையக் கூப்பிடுகிறவன். அவங்க கெடக்கறாங்க விடுங்கக்கா, என் புதுக் கூண்டுக்கு உங்க ஜமீன்தான் மொதல்ல வரணும், ஊரே பாக்கட்டும், என்று சொல்லி. குமரேசனை நினைத்ததும் மனசு சட்டென்று வேறு பக்கம் திரும்பிக்கொண்டது. அவள் அதைத் திருப்பவில்லை, தானாகத்தான் திரும்பியது. கூண்டின் மூலையில் எச்சம் காய்ந்து ஒட்டிக் கிடந்தது, அதைச் சுரண்டினாள்.

சும்மா இருந்தால் போதும். அவள் ஒன்றும் செய்ய வேண்டாம், அதுதான் இதில் அழகு. வாங்கண்ணா என்று கூப்பிட்டு, ஒரு டம்ளர் காபி கொடுத்து, கூண்டுக் கதவைத் திறந்தால் போதும். மீதியை ஜமீன் பார்த்துக்கொள்ளும். போன் வந்ததே தெரியாது என்று வைத்துக்கொண்டால் ஆயிற்று, பால் பொங்கிய நேரம், காதில் சரியாக விழவில்லை. அவராகக் கேட்டார், அவராக வந்தார், அவராகத் தூக்கிக்கொண்டு போனார். அப்புறம் ஒரு நாள் காலையில் அவர் தீனித் தட்டை எடுத்துக்கொண்டு அந்தப் பெரிய கூண்டுக்குள் போவார். தண்ணீர் கொட்டுகிற சத்தம் மட்டும் கேட்கும். மக்காவ் ஒன்று தரையில் கிடக்கும், தூங்குகிறதோ என்று நினைப்பார், ஏனென்றால் அவளும் அப்படித்தான் நினைத்தாள். இரண்டு வருஷத்துக்கு முன்னால், சாவு விழுந்த முதல் நாள் பார்த்தபோது தீனிப்பை நிறையச் சாப்பிட்டு, றெக்கையில் ஒரு குறையும் இல்லாமல், உள்ளங்கையில் எடுத்தால் கனம்கூடக் குறையாமல் இருந்தது அவளுடைய பெரிய அமேசான். கண் மட்டும் பாதி மூடியிருந்தது. அதன் அடிவயிற்றுக்குக் கீழே மஞ்சளும் பச்சையுமாக ஒரு ஈரம். பாம்பு வந்திருக்கும் என்றாள், ரங்கராஜ் எலி மருந்து என்றான், எதிர்வீட்டுக்காரி, கண்ணு பட்டிருச்சு என்றாள். அடுத்த நாள் மூன்று, அதற்கடுத்த நாள் எத்தனை என்று அவள் எண்ணுவதை விட்டுவிட்டாள். முட்டை மேல் உட்கார்ந்தபடியே செத்த தாய்க்கிளியைப் பெட்டியிலிருந்து எடுத்தபோது முட்டை இன்னும் சூடாக இருந்தது. அந்தச் சூட்டை அவள் விரல் இன்னும் மறக்கவில்லை. அது சென்னியப்பன் விரலுக்கும் தெரியட்டும். தெரிந்தால் என்ன? அந்த மோதிரம் போட்ட விரலுக்கு. சூடான முட்டையைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கட்டும், அப்போது யாராவது மைக்கைக் கொண்டுபோய் அவர் முன்னால் நீட்டட்டும், உங்கள் வீட்டில் யாருங்க தூரம் என்று கேட்கட்டும். அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே கம்பியைத் தேய்த்தாள். மக்காவ்கள் என்ன செய்தன? அவை அந்தக் கூட்டத்துக்கு வந்தனவா, தலையை ஆட்டினவா? இல்லை. ஆனால் அவளுடைய அமேசான் மட்டும் யாருக்கு என்ன செய்தது? அதற்காக யார் ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டார்கள்? சும்மா இருந்தால் போதும். அவள் தேய்த்த வேகத்தில் பிரஷின் முடி பிய்ந்து தண்ணீரில் மிதந்தது. ஜமீன் அதைப் பார்த்துவிட்டு அதுவும் தனக்குத்தான் என்பது போலக் கத்தியது.

கூண்டின் கதவுச் சட்டத்துக்கு வந்தபோதுதான் அந்தக் கறையைப் பார்த்தாள். பார்த்தாள் என்றால், இரண்டு வருஷமாகத் தினமும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறாள். சட்டத்தின் மேல்பக்கம், கைவிரல் அகலத்துக்கு மஞ்சள், நடுவில் பழுப்பேறிய குங்குமப் பொட்டு. ப்ளீச்சிங் போட்டுத் தேய்த்தால் மஞ்சள் கொஞ்சம் வெளுத்தது, போகவில்லை. நல்லபடியாகத்தான் வைத்தாள் அன்றைக்கு, காய்ச்சாத பாலில் குழைத்து, பட்டுப்புடவை கட்டிக்கொண்டு, புதுக் கூண்டாயிற்றே. பழைய கூண்டுகளில் நெருங்கிக் கிடந்ததுகளுக்கு இனிமேல் பறக்க இடம் என்று நாலு நாளாகத் தூக்கமில்லை. பிரஷ் நின்றது. புதுக் கூண்டு. அவள் கை கதவுச் சட்டத்திலேயே ஊன்றியிருந்தது. வெளியிலிருந்து ஏதாவது பறவை வந்ததா என்று கேட்டாள் அந்தப் பெண், நன்றாக யோசித்துச் சொல்லுங்கள் என்றாள். இல்லை என்று சொன்னது பொய்யில்லை. கிரகப்பிரவேசத்துக்கு வந்த பசுவை யாராவது வீட்டுக்கு வந்த விருந்தாளி என்று கணக்கில் சேர்ப்பார்களா? அது வந்தது, போனது, சடங்கு. ராசாத்தி. சென்னியப்பன் வீட்டு ராசாத்தி, சிவப்பு மக்காவ், அவருடைய பழைய வீட்டில் விழுந்த பெரிய சாவில் ஒற்றையாக நின்றது. அவர் வீட்டில் அதை மற்றவற்றோடு சேர்க்கவே மாட்டார், முன்வாசலில் தனிக்கூண்டில் வைத்து வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுவார், பிறகு யாரோ கேரளாக்காரர் கேட்டாரென்று கொடுத்துவிட்டார். அந்த ராசாத்தியைத் தானே தூக்கிக்கொண்டு வந்தார், கழுத்தில் ஒரு சின்ன மல்லிகைச் சரம் போட்டு. அவளுக்கு எவ்வளவு பெருமை அன்றைக்கு, தலைவர் வீட்டுப் பறவையே நம் கூண்டுக்கு. இரண்டு நாள் தின்றது, கொம்பையெல்லாம் கடித்துத் துப்பியது, போகிற வழியெல்லாம் எச்சமிட்டது. துடைக்கக்கூடாது என்று அவர்தான் சொன்னார், கெட்டி இறங்கட்டும் அம்மிணி. அவள் துடைக்கவில்லை. அதன் மேலேயே தன் பிள்ளைகளையெல்லாம் கொண்டுவந்து விட்டாள். அதற்கு அடுத்த அமாவாசை வருவதற்குள் எல்லாம் போயிற்று. நீதானா. நீதானா அது. கொண்டுவந்து கொட்டியது நீ, மைக்கில் ஏறி என் துணியைப் பற்றிப் பேசியதும் நீ. வாளியை எட்டி உதைத்தாள். தண்ணீர் மாடி முழுக்க ஓடி ஓட்டை வழியாகத் தெருவில் விழுந்தது, கீழே யாரோ யாருடி அது என்று கத்தினார்கள். இப்போது எல்லாம் சுத்தமாகிவிட்டது, கூட்டிக் கழித்துப் பார்க்க ஒன்றுமில்லை. வந்ததைத் திருப்பிக் கொடுக்கிறோம். அவரே கொடுத்தது, அவரே வந்து வாங்கிக்கொண்டு போகிறார். அவள் ஜமீனின் கூண்டுக்குப் போய்க் கதவின் கொக்கியைத் துடைத்துக் காய வைத்தாள், தூக்கிக் கொடுக்கும்போது வழுக்கக்கூடாது. பழத்துண்டு ஒன்றும் உள்ளே போட்டாள். ஜமீன் அதைக் காலால் பிடித்து, ஒரு கடி கடித்து, மீதியை அவள் மேலேயே போட்டது.

கீழே ஸ்கூட்டர் நின்றது. செருப்பை வாசலில் கழற்றிவிடும் சத்தம், தொண்டையைச் செருமும் சத்தம். சென்னியப்பன் மாடிப்படியில் ஏறி வந்தார், புது மூங்கில் கூடை, உள்ளே வெள்ளைத் துணி, துணி மேல் ஒரு மல்லிகைச் சரம். அதே சரம், அதே அளவு. சௌக்கியமா, மாப்பிள்ளை வேலைக்குப் போயாச்சா, வெயில் இப்பவே இப்படி அடிக்குதே என்றெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தவர், மாடிக்கு இரண்டு படி இருக்கும்போது நின்றார். வாங்கண்ணா என்றாள். அவள் கை கொக்கியில் இருந்தது. எதையும் யோசிக்கவில்லை, யோசிக்க வேண்டியதெல்லாம் யோசித்தாகிவிட்டது, திறந்து எடுத்துக் கூடைக்குள் வைக்க வேண்டியதுதான். அவர் ஏறவில்லை. முகத்தில் அந்த வருத்தம் வந்தது, மண்டபத்தில் வந்த அதே வருத்தம்.

"ஏனம்மிணி, தப்பா நெனைச்சுக்கப்படாது. நல்ல காரியத்துக்குக் கொண்டு போறது, அதுனால கேக்கறன். ஊட்டுல ஆரும் தூரமில்லீங்களே?"

"நாந்தானுங்ண்ணா. இன்னைக்குத்தான்."

வாய் எப்படி அதைச் சொன்னது என்று அவளுக்கே தெரியவில்லை. இரண்டு வருஷமாக ஒத்திகை பார்த்த பேச்சு ஒன்று இருந்தது, வந்தது வேறொன்று. சென்னியப்பன் பாம்பைக் கண்டவர் போல ஒரு படி இறங்கினார், அப்புறம் இன்னொரு படி, கூடையை மார்போடு அணைத்துக்கொண்டார். மல்லிகைச் சரம் நழுவிப் படியில் விழுந்தது, அதைக் குனிந்து எடுக்கவில்லை. அவர் முதுகு திரும்பிய விதத்தைப் பார்க்க அவளுக்கு ஒரு கணம் ஆனந்தமாக இருந்தது, அடுத்த கணமே கொக்கியிலிருந்து கையைப் பிடுங்கிக்கொண்டாள். காப்பாற்றிவிட்டாளே. கையில் இருந்ததை விட்டுவிட்டாளே. அந்த ஆளுடைய அருவருப்பே அந்த ஆளுடைய மக்காவ்களைக் காப்பாற்றிவிட்டது, அது அவருக்குத் தெரியக்கூடப் போவதில்லை. மொதல்லயே போன் பண்ணிச் சொல்லப்படாதா அம்மிணி, என்று கீழ்ப்படியிலிருந்து வருத்தப்பட்டார். பரவாயில்லை, ஒண்டிப்புதூர்க் குமரேசன் வீட்டில் ஒரு ஆப்பிரிக்கன் கிரே கிளி இருக்கிறதாம், போன மழைக்கு அவன் கூண்டே காலியானபோது அது ஒன்றுதான் நின்றதாம், நல்ல கெட்டியாம், நேரம் போவதற்குள் அதைத் தூக்கிக்கொண்டு போய்விடுகிறேன் என்றார். செருப்பு மாட்டுகிற சத்தம் கேட்டது.

குமரேசன். மனசு திரும்பிக்கொண்ட பக்கத்திலிருந்து இப்போது அவனே எதிரில் வந்து நின்றான். போன மழைக்கு அவன் கூண்டு காலியானது. அதற்கு முன்னால் அவன் புதுக் கூண்டுக்கு முதலில் புகுந்தது யார்? ஊரே பார்க்கட்டும் என்று ஆட்டோ பிடித்து வந்து, மடியில் வைத்துக்கொண்டு போனானே, அது யாரை? அவனுடைய கிளிகள் செத்தபோது அவள் போய்ப் பார்த்தாள். அழுதான். அழுதுகொண்டே, உங்க ஜமீன் வந்து போன கூண்டுங்கக்கா, அதுனாலதான் இது ஒண்ணாவது நின்னுச்சு என்று கிரேயைக் காட்டி அவள் கையைப் பிடித்துக்கொண்டான். ராசாத்தி அவள் வீட்டுக்கு, ஜமீன் குமரேசன் வீட்டுக்கு, இப்போது கிரே சென்னியப்பன் வீட்டுக்கு, மாலையும் மஞ்சளுமாக ஒவ்வொரு வாசலாக. அவள் படியிறங்கினாள். இறங்கவில்லை, ஓடினாள், ஈரக் காலோடு, புடவையைத் தூக்கிச் செருகியபடி, மல்லிகைச் சரத்தை மிதித்துக்கொண்டு. தெருக்குழாயில் தண்ணீர் வரும் நேரம், குடத்தோடு நாலைந்து பெண்கள் நின்றிருந்தார்கள். சென்னியப்பன் ஸ்கூட்டரில் உட்கார்ந்து கூடையைக் கால்களுக்கு நடுவில் வைத்துக்கொண்டிருந்தார்.

"அண்ணா, நில்லுங்க. நான் தூரமெல்லாம் இல்லை. எனக்கு நின்னு நாலு வருசமாச்சுங்க."

குடம் நிரம்பி வழிந்தது, யாரும் நகர்த்தவில்லை. குரல் இவ்வளவு பெரிதாக வரும் என்று அவளுக்குத் தெரியாது. மண்டபத்தில் வந்திருக்க வேண்டிய குரல், தெருவில் வந்தது. "எங்கூட்டுக் கிளியெல்லாத்தையும் கொன்னது உங்க ராசாத்திங்க. நோவு பட்டுப் பொழைச்சது பூராவும் ஒடம்புல நோவை வெச்சுட்டிருக்குது. எங்க ஜமீனும் அதையேதான் வெச்சிருக்குது. குமரேசன் ஊட்டுதும் அப்பிடித்தான். அதைக் கொண்டுபோயி உட்டீங்கன்னா உங்க கூண்டும் காலியாயிரும். உங்க மேல பிரியப்பட்டுச் சொல்லலீங்க. நீங்க நாசமாப் போனா எனக்குச் சந்தோசம்தான்."

சென்னியப்பன் தெருப் பெண்களைப் பார்த்தார், அவளைப் பார்க்கவில்லை. யார் சொன்னது இதை என்று கேட்டார். டாக்டர், என்றாள்.

"அந்தப் பொம்பள டாக்டருங்களா?"

"ஆமாங்ண்ணா. பொம்பளதான்."

அந்த வருத்தமான முகத்தோடு, நோய் கண்டவளைப் பார்த்துப் பரிதாபப்படுகிற மாதிரி தலையை மெல்ல ஆட்டிவிட்டு, வண்டியைக் கிளப்பினார். தெருமுனையில் வலப்பக்கம் திரும்பினால் அவர் தோட்டம், இடப்பக்கம் ஒண்டிப்புதூர். இடப்பக்கம் திரும்பினார். போ, செத்துத் தொலை, என்றாள் அம்சவேணி. குழாயடியில் ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டாள். வீட்டுக்குள் வந்து கதவைச் சாத்தினாள், ஆடை கட்டிய பால் அப்படியே இருந்தது, பக்கத்தில் போன். அந்த ஆள் போய்ச் சேர்வதற்குள் சொல்லிவிட வேண்டும். குமரேசன் கிரேயைக் கொடுக்கக்கூடாது. ஏன் கொடுக்கக்கூடாது என்று கேட்பான், கேட்காமல் இருக்கமாட்டான், அப்போது அவன் கூண்டில் ஜமீன் கொட்டிவிட்டு வந்ததைச் சொல்லித்தான் ஆகவேண்டும். சென்னியப்பனிடம் சொல்ல ஒன்றுமே கஷ்டமில்லை, வெறுப்பு பாதி வேலையைச் செய்துவிட்டது. இதற்கு எதை வைத்துக்கொண்டு வாயைத் திறப்பது? மேலே ஜமீன் கத்திக்கொண்டிருந்தது, பசி என்று. கத்து, நன்றாகக் கத்து. ஈர விரலுக்குப் போன் முதலில் கேட்கவில்லை, புடவையில் துடைத்துவிட்டு மறுபடியும் அழுத்தினாள். முதல் மணியிலேயே எடுத்துவிட்டான்.

"சொல்லுங்கக்கா," என்றான் குமரேசன், சந்தோஷமாக.